பாலத்துக்கு ஒரு தூண்டில் கழி

பிரகாசம் தனக்கு இன்னது வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. சோறு போட்டால் சாப்பிடுவார். போட நேரமானால் அப்படியே உட்கார்ந்திருப்பார். சட்டையில் பித்தான் போனால் மனைவி ஆனந்தமேரியாகப் பார்த்து வைத்துத் தைத்தால்தான் உண்டு. கண் போனபோது ஆசையும் கூடவே போய்விட்டது போலிருக்கிறது என்று அவள் தனக்குள் முடிவு கட்டியிருந்தாள். அதனால், அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் மீன் முள்ளை விரலால் ஒதுக்கிக்கொண்டே, "மேரி, எனக்கு ஒரு தூண்டில் கழி வேணும்" என்று சொன்னபோது, அவள் கையிலிருந்த கரண்டி குழம்புச் சட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது.

"இன்னா வேணும்?"

"தூண்டில் கழி. நூல் சுத்துற உருளை வச்சது. வெள்ளைக்கார முசேங்க கடல் பாலத்துல வச்சிக்கினு நிப்பாங்களே, அது மாதிரி."

அவள் இன்னொரு துண்டு மீனை அவர் தட்டில் வைத்தாள். சந்தோஷப்படுவதா, திகைப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டுகொண்டிருந்த ஊரில், முத்தியால்பேட்டையில் அவர்கள் குடியிருந்தார்கள். ஒரே மகள் ரோசாவைக் காரைக்காலில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. பிரகாசம் ஊருக்குள் ஓர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பவராக இருந்தார். தமிழும் பிரெஞ்சும் இரண்டு கையால் கோப்பார் என்று அங்கே வேடிக்கையாகச் சொல்வார்கள். முதலில் விளக்கைச் சுற்றி வானவில் மாதிரி வளையம் தெரிகிறது என்றார். பிறகு பக்கத்தில் வரும் ஆள் தெரியாமல் இடித்துக்கொண்டார். ஒரு தவக்காலத்தில் தொடங்கியது, அடுத்த தவக்காலத்துக்குள் முழுக்க இருட்டிவிட்டது. அதிலிருந்து வீட்டை விட்டு அவர் வெளியே கிளம்பியது பூசைக்கு மட்டும்தான். அதுவும் முதல் பூசைக்கு, தெருவில் ஆள் நடமாட்டம் தொடங்கும் முன்பு. மனைவியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடப்பதை யாரும் பார்க்கக்கூடாது அவருக்கு.

ஆனந்தமேரிக்குத் தையல் தெரியும். வெள்ளைக்காரத் தெருவில் நாலைந்து மதாம்களுக்குக் கவுன் தைத்துக் கொடுத்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினாள்.

அச்சுக்கூடத்தில் இயந்திரம் ஓட்டும் தணிகாசலம் மட்டும் பிரகாசத்தை விடவில்லை. மற்றவர்கள் முதல் மாதம் வந்து பார்த்தார்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றுபோனார்கள். தணிகாசலம் ஒவ்வொரு ஞாயிறும் வந்து ஊர்க்கதையெல்லாம் தனக்குத் தானே பேசிவிட்டுப் போவான். சில வாரங்களுக்கு முன்பு ஒரு நாள், "அண்ணே, எத்தினி நாளு இப்பிடி செவுத்தோட பேசிக்கினு இருப்பேன்? வா பாலத்துக்கு" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போய்விட்டான். கடலுக்குள் நீண்டிருக்கும் இரும்புப் பாலத்தில், கிராதி ஓரமாக அவரை நிறுத்தி, கையில் ஒரு தூண்டில் கயிற்றைக் கொடுத்தான். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் பிரகாசம் தானாகச் சட்டை போட்டுக்கொண்டு காத்திருக்க ஆரம்பித்தார்.

"கயிறு இருக்குதே, அது போதாதா?" என்று ஆனந்தமேரி மெல்லக் கேட்டாள்.

"போதாது. பாலத்துத் தூணு பூரா சிப்பி ஒட்டிக்கினு கெடக்குது. கயிறு தூணு ஓரமாவே எறங்குது. மீனு கடிச்சி ஒரு இழு இழுத்தா போதும், சிப்பி கத்தி மாதிரி அறுத்துடுது. கழி இருந்தா நூலு தள்ளி எறங்கும். இன்னிக்கு மட்டும் மூணு தபா அறுந்துபோச்சு." அவர் குரலில் எரிச்சல் இருந்தது. அச்சுக்கூடத்தில் யாராவது எழுத்தைப் பெட்டி மாற்றிப் போட்டுவிட்டால் வரும் அதே பழைய எரிச்சல். அதைக் கேட்டதும் அவளுக்கு மனசு நெகிழ்ந்து போயிற்று.

மறுநாள் மதாம் ஒருத்தியிடம் கவுனைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, வாய்க்கால் ஓரத்திலிருந்த லூயிஸ் கடைக்குள் நுழைந்தாள். வேட்டைத் தோட்டாவும் தொப்பியும் லாந்தரும் விற்கிற கடை அது. பிரெஞ்சு நாட்டு மார்சேயிலிருந்து கப்பலில் வரும் சாமான். தீர்வை கிடையாது என்பதால் கடலூரிலிருந்துகூட ஆட்கள் வந்து வாங்கிப் போவார்கள். லூயிஸ் நல்ல கறுப்பு, நல்ல பருமன், கோட்டுப் போட்டுக்கொண்டு பிரெஞ்சைத் தமிழ் மாதிரியும் தமிழைப் பிரெஞ்சு மாதிரியும் பேசுகிற மனிதர். தூண்டில் கழி கேட்டு ஒரு பொம்பளை வந்ததில் அவருக்கு ஆச்சரியம்தான். ஆனாலும் காட்டிக்கொள்ளவில்லை.

"எந்த மதாமுக்கு?"

"எங்க வீட்டுக்காரருக்கு."

அவர் மேஜைமேல் இரண்டு கழிகளைக் கிடத்தினார். ஒன்று முழு மூங்கில், மூன்று துண்டாகக் கழற்றிப் பித்தளைப் பூணில் செருகிக்கொள்வது. மற்றது மூங்கிலை ஆறு பட்டையாகப் பிளந்து, சீவி, திரும்ப ஒட்டி, பட்டுநூலால் வரிந்து வார்னிஷ் பூசியது. அதைக் கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை. அதன் விலையைக் கேட்டதும் ஆனந்தமேரி பதமாக அதைக் கீழே வைத்துவிட்டாள்.

"கழி கெடக்கட்டும்மா. கழிய காட்டுலகூட வெட்டிக்கலாம். மூலினேதான் முக்கியம்" என்று அவர் உருளைகளை எடுத்து வைத்தார். மூலினே என்றால் உருளை என்று அவளாகப் புரிந்துகொண்டாள். மூன்று இருந்தன. ஒன்று மரத்தில் கடைந்தது. ஒன்று பித்தளை. மூன்றாவது வெள்ளி மாதிரி மின்னியது. அதன் கைப்பிடியைச் சுண்டிவிட்டார், அது சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டேயிருந்தது.

"மரம்தான் விலை கொறைச்சல் இல்லியா?"

"கொறைச்சல்தான். உங்கிட்ட பொய் சொல்லமாட்டேன். உப்புத் தண்ணி பட்டுப் பட்டு அது ஊதிக்கும். மழைக்காலத்துல வீட்டுக் கதவு இறுகிக்குதே, அந்த மாதிரி. அப்புறம் சுத்தாது."

முழு மூங்கில் கழியும் மர உருளையும் என்றால் தைத்த கூலியிலேயே சமாளித்துவிடலாம். பித்தளை உருளை, நல்ல கழி என்று போனால் ஒரே ஒரு வழிதான் இருந்தது. அது மதராஸ் பணம்.

அவளுடைய கல்யாணப் புடவைக்கு அடியில் அந்தப் பணம் இருந்தது. மதராஸில் ஒரு பெரிய கண் வைத்தியர் இருக்கிறார், அவரிடம் காட்டினால் ஒருவேளை பார்வை வரும் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார். ரயிலுக்கு, தங்குவதற்கு, வைத்தியருக்கு என்று அவள் சேர்த்துக்கொண்டே வந்தாள். இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. கடையை விட்டு வெளியே வந்தபோது, மர உருளையையே வாங்கிவிடலாம், ஊதினால் வெயிலில் காய வைக்கலாம் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

சாயங்காலம் அவரிடம் சொன்னாள். அவர் கேட்ட கேள்விகளில் பாதிக்குமேல் அவளால் பதில் சொல்ல முடியவில்லை. நூல் ஓடுகிற வளையம் எதில் செய்தது? பிடி தக்கையா, கட்டையா? முனை எவ்வளவு மெலிசு? உருளையைச் சுற்றினால் சத்தம் வருகிறதா?

"அதெல்லாம் நான் பாக்கலீங்க. வெலதான் பாத்தேன்" என்றாள். "மரத்துல ஒண்ணு இருக்குது. அது போதும்னு நெனைக்கிறேன். பித்தள வேணும்னா மதராஸ் பணத்துல கை வைக்கணும்."

"வையேன்."

"இன்னா சொல்றீங்க? அதுல ஒரு ரூவா எடுத்தாலும் இந்த வருஷம் மதராஸ் போக முடியாது."

பிரகாசம் உள்ளங்கையால் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"மேரி, நான் மதராஸுக்கு வரமாட்டேன்."

"ஏன்?"

"போய் ஒண்ணும் ஆவப்போறதில்ல. அன்னிக்கு டாக்டர் எங்கிட்ட பிரெஞ்சுல சொன்னாரு இல்ல, நீ பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தே. நரம்பு செத்துப்போச்சு, யார்கிட்ட போனாலும் வராதுன்னுதான் சொன்னாரு."

"மதராஸ்ல ஒருத்தரு இருக்காருன்னு..."

"அது நான் சொன்னது. அவரு சொல்லல."

தையல் மிஷின்மேல் கிடந்த துணியை ஆனந்தமேரி கையில் எடுத்தாள். எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் திரும்ப வைத்தாள். டாக்டரின் உதடு அசைந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. பிறகு வாசலில் இவர் அவள் பக்கம் திரும்பி, "மதராஸ்ல காட்டுனா சரியாவும்ங்கிறாரு" என்று சிரித்த முகத்தோடு சொன்னது.

"ரெண்டு வருஷமா தைக்கிறேனே! விரலு காய்ச்சுப்போச்சு. எனக்கு ஒரு ரவிக்கத் துணி எடுக்கல. ரோசா புள்ளைக்கு ஒரு கொலுசு வாங்கிப் போடல. எல்லாம் நீங்க சொன்ன பொய்க்கா?"

"அன்னிக்கு நீ ஆஸ்பத்திரி வாசல்ல ஒக்காந்து அழுதியே மேரி. அந்த அழுகைய நிறுத்த எனக்கு வேற ஒண்ணும் தோணல. அப்புறம் நீ சேக்க ஆரம்பிச்சிட்டே. ஒவ்வொரு தபாவும் சொல்லிடணும்னு நெனைப்பேன். நீ மிஷின் மிதிக்கிற சத்தத்தக் கேட்டுக்கினே இருப்பேன். அதுல ஒரு வேகம் இருந்துச்சு. சொன்னா அது நின்னுபோயிடும்னு பயம்."

அவள் எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு சில நாட்கள் அவர்களுக்குள் பேச்சு இல்லை. சோறு போட்டாள், தண்ணீர் எடுத்து வைத்தாள், முதல் பூசைக்கு முழங்கையை நீட்டினாள். அவள் மனம் மட்டும் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. பொய் சொன்னார் என்ற கோபம் முதல் நாள்தான் பெரிதாக இருந்தது. அடுத்தடுத்த நாட்களில் வேறொன்று அவளைக் குடைந்தது. அவருக்கு இது முதல் நாளே தெரியும். வராது என்று தெரிந்தே, வரும் என்று நம்புகிற ஒருத்தியோடு இத்தனை காலம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறார். அவர் அழ வேண்டிய அழுகையைக்கூட அவளுக்கு முன்னால் அழ முடியாமல் போயிருக்கிறது. அவர் ஏன் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார் என்பது இப்போது அவளுக்குக் கொஞ்சம் விளங்கியது. தைத்த கவுனின் மடிப்பைப் பிரித்துத் திரும்பத் தைத்துக்கொண்டே, நம்பிக்கை என்ற பேரில் தான் அவரைத் தனியாக விட்டுவிட்டோமோ என்று நினைத்தாள்.

சனிக்கிழமை காலையில், "சட்டைய போடுங்க. லூயிஸ் கடைக்குப் போவணும்" என்றாள்.

"நீயே வாங்கிக்கினு வாயேன்."

"எனக்கு இன்னா தெரியும் அதப்பத்தி? நீங்கதான் வரணும். இப்பவே."

கண் போன பிறகு வெளிச்சமான நேரத்தில் அவர்கள் இருவரும் தெருவில் நடந்தது அதுதான் முதல் தடவை. அவர் அவள் முழங்கையை விரல் நுனியால் மட்டும் தொட்டுக்கொண்டு வந்தார், எந்த நிமிஷமும் விட்டுவிடத் தயாராக. எதிர்ப்பட்ட ஒன்றிரண்டு பேர், "இன்னா பிரகாசம், எப்பிடி இருக்கே?" என்று கேட்டார்கள். குரலை வைத்து ஆளைத் தெரிந்துகொண்டு அவர் பெயர் சொல்லிப் பதில் சொன்னார். வாய்க்கால் நெருங்கும்போது அவர் விரல்கள் அவள் கையை நன்றாகப் பற்றியிருந்தன.

கடையில் லூயிஸ் தயங்கினார். கழியை எடுத்து வைத்துவிட்டு ஆனந்தமேரியைப் பார்த்து, "இது அவருக்குப் பிடிக்குமா?" என்று கேட்டார்.

"அவரு இங்கதான் நிக்கிறாரு முசே" என்றார் பிரகாசம்.

லூயிஸ் வயிறு குலுங்கச் சிரித்து, "பார்தோன், பார்தோன்" என்று மன்னிப்புக் கேட்டுக் கழியை அவர் கையிலேயே கொடுத்தார்.

பிரகாசம் முழு மூங்கில் கழியின் அடியைப் பிடித்துக்கொண்டு, "முசே, நீங்க அந்த முனைய புடிச்சிக்கினு நகத்தால மெதுவா தட்டுங்க" என்றார். லூயிஸ் தட்டினார். பிரகாசம் தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். "தட்டுறீங்களா?"

"தட்டிக்கினுதான் இருக்கேன்."

"இங்க ஒண்ணும் வரலியே. பூணுலயே நின்னுபோவுது."

அடுத்து ஒட்டுமூங்கில் கழி. லூயிஸ் முனையில் நகம் வைத்ததுமே பிரகாசத்தின் முகம் மாறியது. "ஒண்ணு... ரெண்டு... இப்ப தேய்ச்சீங்க" என்றார். ஆனந்தமேரி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அந்தக் கழியின் விலை மதராஸ் பணத்தையும் தாண்டியது. அவரும் அதை ஊகித்திருக்க வேண்டும். கழியை மேஜைமேல் வைத்துவிட்டு, "இதே சாதியில ஒடஞ்சது, அடிபட்டது ஏதாவது கெடக்குதா முசே?" என்று கேட்டார்.

லூயிஸ் யோசித்தார். உள்ளே போனார். பெட்டிகளை நகர்த்தும் சத்தம் கேட்டது. தூசி படிந்த ஒரு துணிப்பையோடு திரும்பி வந்தார். "கப்பல்ல வரும்போதே முனை ஒரு முழம் ஒடிஞ்சிபோச்சு. ஆளு வச்சி வளையத்த எறக்கிக் கட்டச் சொன்னேன். கட்டையா, வெறப்பா இருக்குது. தூக்கி வீசுறதுக்கு ஆவாது. அதான் யாரும் எடுக்கல."

"பாலத்துலேர்ந்து நான் எங்க வீசப்போறேன்? நேரா கீழதான எறக்கப்போறேன்." பிரகாசம் அதன் அடியைப் பிடித்தார். லூயிஸ் முனையைத் தட்டினார். முதல் கழியில் வராத தட்டு இதில் வந்தது. முழுக் கழி அளவுக்குத் துல்லியமாக இல்லை, ஆனாலும் வந்தது. தூணிலிருந்து மீனை இழுத்து விலக்குவதற்கு இந்த விறைப்புதான் சரி என்றார் அவர். லூயிஸ் பாதி விலைக்கும் கீழே இறங்கினார். மூலையில் கிடந்தது போனால் போதும் என்றாகிவிட்டது அவருக்கு.

பிறகு உருளை. வெள்ளி உருளையைப் பிரகாசம் சுழற்றிவிட்டுக் காதருகே கொண்டுபோனார். "இது ஓடுறதே தெரியலியே."

"அதான் அதோட பெரும."

"அந்தப் பெரும எனக்கு வேணாம் முசே. மீனு நூல இழுத்துக்கினு ஓடுனா எனக்குத் தெரிஞ்சாவணும்."

பித்தளை உருளைக்குள் ஒரு சின்னப் பல்லும் வில்லும் இருந்தன. நூலை இழுத்தால் கடகடவென்று கத்தியது. மெதுவாக இழுத்தால் மெதுவாக, வேகமாக இழுத்தால் வேகமாக. கண்ணுள்ளவர்கள் அந்தச் சத்தத்துக்காகவே அதை வேண்டாம் என்று சொல்வதாக லூயிஸ் ஒப்புக்கொண்டார். பிரகாசம் அதைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தார். விலையைக் கேட்டதும் மர உருளையைத் தடவி எடுத்தார். அதிலும் ஒரு மரப்பல் டக் டக் என்றது.

"இதுலயும் சத்தம் வருது. இதே போதும்."

"வேணாம்" என்றாள் ஆனந்தமேரி. "பித்தளையே குடுங்க."

"மேரி, எதுக்கு அவ்வளவு..."

"நீங்க சும்மா இருங்க. ஊதிப்போய் மூலையில கெடக்குற சாமானுக்கா நான் ரெண்டு வருஷம் மிஷின் மிதிச்சேன்?"

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணத்தை மேஜைமேல் வைத்தாள். அப்போது அவளுக்குத் துக்கம் வந்தது. வராது என்று நினைத்திருந்தாள், வந்தது. மதராஸ், அந்தப் பெரிய வைத்தியர், கட்டு அவிழ்த்ததும் இவர் தன்னைப் பார்த்துச் சிரிப்பது என்று அவள் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து கட்டியிருந்ததெல்லாம் அந்த நோட்டுகளோடு லூயிஸின் மேஜை இழுப்பறைக்குள் போனது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நூலு, முள்ளு, ஈயக்குண்டு எல்லாம் இதுக்குள்ளயே சேத்துக் குடுங்க முசே. இதுக்குமேல எங்கிட்ட இல்ல" என்றாள். லூயிஸ் பேரம் பேசாமல் எடுத்து வைத்தார்.

முதல் ஞாயிறு பிரகாசம் தணிகாசலத்தோடு போய் ஒன்றும் பிடிக்காமல் திரும்பி வந்தார். நூல் சிக்கியதில் தணிகாசலத்துக்குப் பொறுமை போய்விட்டதாம், பிரகாசம்தான் உட்கார்ந்து விரலாலேயே சிக்கெடுத்தாராம். தூண்டிலின் பட்டுநூலை நல்ல தண்ணீரில் அலசிக் கொடியில் காய வைக்கும் வேலை ஆனந்தமேரிக்கு வந்து சேர்ந்தது. அடுத்த ஞாயிறு தணிகாசலத்தின் வீட்டில் காதுகுத்து. "இந்த வாரம் வேணாம் விடு" என்றார் பிரகாசம். அவர் ஏற்கெனவே சட்டை போட்டிருந்தார்.

"நான் வரேன்" என்றாள் அவள்.

பாலத்தில் பொம்பளைகள் நடப்பதுண்டு, காற்று வாங்க. தூண்டில்காரர்களோடு கிராதி ஓரம் நிற்பதில்லை. சிலர் திரும்பிப் பார்த்தார்கள். ஆனந்தமேரி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, இறாலை முள்ளில் கோத்துக் கொடுத்தாள். தூரத்தில் ஒரு கப்பல் நங்கூரம் போட்டு நின்றது. அதற்கும் பாலத்துக்குமாகச் சரக்குப் படகுகள் போய்வந்துகொண்டிருந்தன. கீழே அலை தூண்களில் மோதி உடைந்தது. நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. இப்படிச் சும்மா நிற்பதில் என்ன சுகம் என்று அவளுக்கு முதலில் விளங்கவில்லை. அவர் மட்டும் இரண்டு கையிலும் கழியைப் பிடித்துக்கொண்டு, யாரோ சொல்வதைக் கவனித்துக் கேட்கிறவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

உருளை கத்தியது.

"ஐயோ, இழுக்குது! இழுக்குது!" என்று ஆனந்தமேரி கத்தினாள்.

"கேக்குது, நீ கத்தாத. நூலு எந்தப் பக்கம் போவுது? அத சொல்லு."

"பீச்சாங்கைப் பக்கம். தூணுகிட்ட போவுதுங்க!"

அவர் கழியை வலப்பக்கம் சாய்த்து உடம்போடு சேர்த்து நின்றார். கட்டைக் கழி வளைந்தது, ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. உருளை கடகடவென்று ஓடி, நின்று, திரும்ப ஓடியது. அது தயங்கும்போதெல்லாம் அவர் சுற்றினார். "இப்ப?" "நடுவுல வந்துட்டுது." "இப்ப?" "மேல வருது, வெள்ளையா தெரியுது, மாதாவே, எவ்வளவு பெருசு!" அவள் கிராதியில் வயிறு அழுந்தக் குனிந்திருந்தாள். பார்க்கிறவர்கள் யார் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை.

மீன் கிராதியைத் தாண்டிப் பலகையில் வந்து விழுந்தது. விழுந்த இடத்தில் துள்ளிக்கொண்டு கர்ர் கர்ர் என்று உறுமியது. திரும்பக் கடலுக்குள் விழுந்துவிடுமோ என்று ஆனந்தமேரி பாய்ந்து இரண்டு கையாலும் அமுக்கினாள்.

"தொடாத மேரி! கெளுத்தி அது, கத்துது பாரு..."

அவர் சொல்லி முடிப்பதற்குள் முதுகு முள் அவள் கட்டைவிரல் அடியில் ஆழமாக இறங்கிவிட்டது. வீட்டுக்கு வரும் மீன்காரி முள்ளை ஒடித்துவிட்டே கூடையில் போட்டு வருவாள். அதனால் கெளுத்திக்கு முள் உண்டு என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. முதலில் சுருக்கென்றது. பிறகு தோள்வரைக்கும் நெருப்பு ஏறியது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்துவிட்டாள்.

பிரகாசம் கழியைக் கீழே போட்டார். அவள் முனகலைக் கேட்டு, குனிந்து, தடவித் தடவி அவள் தோளைக் கண்டுபிடித்தார். பிறகு நிமிர்ந்து, பாலம் முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட்டார்.

"யாராவது வாங்களேன்! என் வீட்டுக்காரிக்குக் கெளுத்தி குத்திட்டுது! எனக்குக் கண்ணு தெரியாது, யாராவது வாங்க!"

வலிக்கு நடுவிலும் அது அவள் காதில் விழுந்தது. தெருவிலோ கோயிலிலோ, சொந்த அக்காள் வீட்டிலோகூட அவர் அந்த வார்த்தையை வாயால் சொன்னதில்லை.

சுமை தூக்கும் ஆட்களில் ஒருவர் ஓடி வந்தார். அம்மாவாசை என்று பெயர். வீராம்பட்டினத்துக்காரர். காலால் மீனை மிதித்துக்கொண்டு அவள் கையைப் பார்த்தார். "முள்ளு உள்ள நிக்கல. விஷத்த நல்லாதான் ஏத்தியிருக்குது. சுடுதண்ணி வைக்கணும் முசே, தாங்குற மட்டும் சுடணும். சீக்கிரம் வீட்டுக்குப் போங்க" என்று சொல்லி, பாலத்து முனையில் நின்ற, ஆள் தள்ளும் புஷ்வண்டியைக் கூவி அழைத்தார். பிரகாசம் ஒரு கையால் மனைவியை அணைத்து, மறு கையால் அம்மாவாசையின் தோளைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தார். இப்போது அவர் விரல் நுனியால் தொடவில்லை.

வீட்டில் அவளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அவரே அடுப்பு மூட்டினார். "விறகு எங்க?" "எடது பக்கம், அரிசிப் பானைக்குப் பின்னால." "நெருப்புப் பெட்டி?" "மாடத்துல. பாத்துங்க, கைய சுட்டுக்கப்போறீங்க." "நீ சும்மா இரு." தண்ணீர் கொதித்ததும் சட்டியில் ஊற்றி, பச்சைத் தண்ணீர் கலந்து, முதலில் தன் கையை விட்டுப் பார்த்தார். பிறகு அவள் கையைப் பிடித்து மெல்ல உள்ளே அமுக்கினார். சூடு ஏற ஏற வலி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஆறியபோதெல்லாம் அவர் வேறு தண்ணீர் மாற்றினார். அடுப்படியெல்லாம் சாம்பலும் தண்ணீருமாகிக் கிடந்தது.

மூச்சு சீரானதும்தான் அவளுக்குத் திடுக்கென்றது. "ஐயோ, கழி! பாலத்துலயே விட்டுட்டு வந்துட்டோமே!"

"போனா போவுது."

"போனா போவுதா? அவ்வளவு பணம்..."

"மேரி, கைய தண்ணியிலயே வை."

கழி போகவில்லை. விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில், புஷ்வண்டிக்காரனிடம் வீடு கேட்டுக்கொண்டு அம்மாவாசை வந்துவிட்டார். ஒரு கையில் கழி. மறு கையில், முள்ளெல்லாம் ஒடித்து, நாரில் கோத்த கெளுத்தி. உட்காரச் சொன்னதற்கு, படகு காத்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பிரகாசம் வாசல்வரை போய், "அடுத்த ஞாயித்துக்கெழம பாலத்துலதான் இருப்பேன். வந்து பேசுங்க" என்று அவர் முதுகுக்குப் பின்னால் சத்தமாகச் சொன்னார்.

மீனைச் சட்டியில் போட்டு மூடி வைத்துவிட்டு வந்து, அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தண்ணீருக்குள் இருந்த அவள் கையைத் தொட்டு, வீக்கம் எதுவரைக்கும் ஏறியிருக்கிறது என்று பார்த்தார். பிறகு கேட்டார்:

"எப்பிடி இருந்துச்சு அது?"

"எது?"

"மீனுதான். மேல வரும்போது. நீ கத்துனியே."

ஆனந்தமேரி அவரைப் பார்த்தாள். கண் போன நாளிலிருந்து, ஒரு பொருள் எப்படி இருக்கிறது என்று அவர் அவளிடம் கேட்டதேயில்லை. அவளாகச் சொன்னாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று அவளும் சொல்வதை விட்டிருந்தாள்.

"மொதல்ல தண்ணிக்குள்ள ஒரு வெள்ளத் துணி மாதிரி தெரிஞ்சிது" என்று ஆரம்பித்தாள். "அப்புறம் திரும்பிச்சு. முதுகு நல்ல நீலக் கறுப்பு, ஈரமான ஸ்லேட்டு மாதிரி. மூஞ்சில நீட்டு நீட்டா மீசை. வாய தொறந்து தொறந்து மூடிச்சு."

"அப்ப தண்ணி எப்பிடி இருந்துச்சு?"

"தண்ணி... வெயிலு சாஞ்சி, தூணுக்கு நெழலு வுழுந்திருந்துச்சு. நெழலுல பச்சையா இருந்துச்சு. தூரத்துல அந்தக் கப்பலு நிக்கிற எடத்துல வேற நெறம்."

"என்ன கப்பலு? கொடி இருந்துச்சா?"

அவள் கண்ணை மூடி யோசித்தாள். பாலத்தில் நின்றபோது கவனிக்காததெல்லாம் இப்போது ஒவ்வொன்றாக வந்தன. சட்டியில் தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. அதை மாற்றச் சொல்லத் தோன்றாமல் அவள் சொல்லிக்கொண்டே போனாள்.